இறந்தோர் நாள்: முதல் படையல் வைப்பவர்களுக்கு

சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் வட்டாரத்தில் அக்டோபர் பிறந்ததுமே 24ஆம் தெரு மாறத் தொடங்கிவிடும். ரொட்டிக் கடைகளில் எலும்பு வடிவம் வைத்த ரொட்டி அடுக்கியிருக்கும். பூக்கடை வாளிகளில் ஆரஞ்சுப் பூ நிரம்பி வழியும். மெக்சிகோக்காரர்கள் 'தியா டெ லோஸ் முவெர்ட்டோஸ்' என்று அழைக்கும் இறந்தோர் நாள் நெருங்குகிறது என்று அர்த்தம். நவம்பர் 1 குழந்தைகளாக இறந்தவர்களுக்கு, 2 பெரியவர்களுக்கு. அவர்கள் வீட்டுக்கு வந்து போவார்கள் என்பது நம்பிக்கை, அதற்காகத்தான் படையல். இங்கே குடிவந்த புதிதில் நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களுக்கு ஓர் ஆண்டாவது மிச்சமாகும்.

முதலில் ஆள், பிறகு மேசை

பலரும் பொருள்களின் பட்டியலோடு கடைக்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். ரொட்டி, சர்க்கரை மண்டையோடு, மெழுகுவத்தி எல்லாம் வாங்கி, நடுவில் பாட்டியின் படத்தை வைத்தேன். மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில் பிறந்த பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்தார். வாய்விட்டுக் குறை சொல்லவில்லை. "மிஹா, உன் பாட்டி இதையெல்லாம் சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். மிஹா என்றால் மகளே.

பாட்டி வாழ்நாளில் அந்த ரொட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. மறுநாள் டம்ளரில் காபி, ஒரு தட்டில் முறுக்கு, பக்கத்தில் நான் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த அவருடைய பாக்குவெட்டி. அந்த அம்மாள் பாக்குவெட்டியைத்தான் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

ஆகவே முதல் வேலை, ஒருவரை முடிவு செய்வது. அவர் விரும்பிச் சாப்பிட்டது, குடித்தது, கையில் எப்போதும் வைத்திருந்தது என மூன்றை ஒரு தாளில் எழுதுங்கள். டெக்கீலாவும் சிகரெட்டும் வைக்கும் வீடுகள் இங்கே ஏராளம். யாரும் முகம் சுளிப்பதில்லை. நம் மகாளய அமாவாசை நினைவுக்கு வரும். ஆனால் இங்கே புரோகிதரும் இல்லை, காகமும் இல்லை.

படையலை அடுக்குவது

இந்தப் படையலுக்கு ஒஃப்ரெண்டா என்று பெயர். ஏழு படி வைப்பவர்கள் உண்டு. தொடங்குபவர்களுக்கு இரண்டே போதும். மேசையின் பின்பாதியில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துத் துணியால் மூடினால் மேல்படி தயார். படம் மேலே, சாப்பாடு கீழே. ஒரு கிளாஸ் தண்ணீரை மறக்கக் கூடாது. நெடுந்தூரம் வருகிறவர்களுக்கு முதலில் தாகம்தான் எடுக்கும் என்பது நம்பிக்கை. சின்னத் தட்டில் கொஞ்சம் உப்பும் வேண்டும்.

'பான் டெ முவெர்ட்டோ' என்னும் ரொட்டியைச் சுட முயல வேண்டாம், கடையில் வாங்குங்கள். சர்க்கரை மண்டையோடு செய்ய ஆசையாக இருந்தால் ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி மெரிங் பொடி (உலர்ந்த முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த பொடி), ஒரு தேக்கரண்டி தண்ணீர். ஈர மணல் போலப் பிசறி, அச்சில் அழுத்தி, கவிழ்த்து, ஓர் இரவு காயவிடுங்கள். அலங்காரத்துக்குத்தான், தின்பதற்கில்லை.

பூ

படையலின் உயிர் இதுதான். ஸ்பானிய மொழியில் செம்பசூச்சில். 'செம்' என்று தொடங்குவதைப் பார்த்துத் தமிழ் என்று மகிழ வேண்டாம். மெக்சிகோவின் ஆஸ்தெக் மக்கள் பேசிய நாவாத்ல் மொழியில் செம்போவல்லி என்றால் இருபது. பூவின் பெயருக்கு இருபது பூ, அதாவது பல இதழ்ப் பூ என்று பொருள். ஆனால் பூவைக் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும்: நம் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்கிறோமே, அதேதான். மெக்சிகோவில் பிறந்து கடல் கடந்து நம்மூர் மாலைக்குள் வந்து சேர்ந்த பூ.

பத்துப் பதினைந்து பூவைப் படத்தைச் சுற்றி வையுங்கள். மீதியை உதிர்த்து, வாசற்கதவிலிருந்து மேசை வரை ஒரு சாண் அகலத்தில் தூவுங்கள். நிறத்தையும் மணத்தையும் பிடித்துக்கொண்டு வழி தெரிந்து வருவார்கள் என்பது கணக்கு. பூவின் அடிப்பச்சையைக் கிள்ளி எறிந்துவிட்டு உள்ளங்கையில் உருட்டினால் இதழ் தானாக உதிரும். விரல்களில் ஏறும் மணம் எளிதில் போகாது. ஓர் எச்சரிக்கை: அக்டோபர் 31ஆம் தேதி போனால் வாடிய பூதான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும்.

வெட்டிய காகிதம்

தெருவின் குறுக்கே தோரணமாக ஆடும் துளைக் காகிதத்துக்கு 'பப்பேல் பிக்காடோ' என்று பெயர். மெக்சிகோவில் புவேப்லா மாநிலத்தின் சான் சால்வதோர் உயிட்ஸ்கொலோத்லா என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே கைவினைஞர்கள் தாள்களைக் கட்டாக அடுக்கி, சிற்றுளியை வைத்துச் சுத்தியலால் தட்டி வெட்டுகிறார்கள். நமக்குக் கத்தரிக்கோல் போதும்.

மெல்லிய டிஷ்யூ தாளை நீளவாக்கில் ஒரு மடிப்பு மடியுங்கள். மேலே மூன்று செ.மீ. இடத்தைத் தொடாதீர்கள், அதில்தான் நூல் வரும். மடிப்பு ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணம் வெட்டினால் மூக்கு. மூக்குக்குச் சற்று மேலே, ஒதுக்கமாக, தாளை இலேசாகக் கிள்ளி மடித்து அரைவட்டம் வெட்டினால் கண். மூக்குக்குக் கீழே வரிசையாகக் குறுகிய பிளவுகள், அவை பல். அடி ஓரத்தை நெளிநெளியாக வெட்டிவிட்டு விரியுங்கள். முதல் தாளில் என் மண்டையோட்டுக்கு ஒரு கண் பெரிதாகிவிட்டது. அதையும் தொங்கவிட்டேன்.

நெருப்பு

இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மெழுகுவத்தி, நினைக்க ஆளில்லாதவர்களுக்காகக் கூடுதலாக ஒன்று. நான் அந்தக் கூடுதல் ஒன்றை ஒருபோதும் விடுவதில்லை. வெலதோரா எனப்படும் உயரக் கண்ணாடிக்குள் இருப்பதையே வாங்குங்கள். என் முதல் படையலில் திறந்த மெழுகுவத்தியின் சுடர் தோரணத்தில் பற்றிக்கொண்டது. வந்தவர் குடிக்கவேண்டிய தண்ணீரை எடுத்து ஊற்றித்தான் அணைத்தேன். தூபத்துக்குக் கோபால் என்ற பிசின். கடையில் கேட்கும்போது யாரோ நம்மூர்க்காரரைக் கூப்பிடுவது போலிருக்கும். புகை எச்சரிக்கை மணி உள்ள வீட்டில் ஒரு துளி போதும்.

தெருவுக்கு

2ஆம் தேதி இரவு ஊர்வலம். தொடங்கும் இடமும் பாதையும் மாறியதுண்டு, 24ஆம் தெருக் கடைகளின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். முன்னால் ஆஸ்தெக் நடனக்காரர்கள், காலில் காய்ந்த கொட்டைகளைச் சலங்கையாகக் கட்டிக்கொண்டு போவார்கள். பூங்காவில் மக்கள் வைத்த படையல்களும் இருக்கும்.

இது மெக்சிகோவிலிருந்து அப்படியே இறக்கிவைத்த வழக்கம் அல்ல. இங்குள்ள கலேரியா டெ லா ராசா என்ற ஓவியக்கூடத்தில் ரெனே யான்யெஸ், ரால்ஃப் மராதியாகா ஆகியோர் 1972இல் இறந்தோர் நாள் கண்காட்சி வைத்தார்கள். வீட்டுக்குள்ளும் கல்லறையிலும் இருந்த சடங்கு அப்படித்தான் நகரத்துத் தெருவுக்கு வந்தது. 1980களில் எய்ட்ஸில் போனவர்களின் படங்கள் வந்தன. எல்லையைக் கடக்கும்போது பாலைவனத்தில் மாண்டவர்களுக்கும் படையல் வைக்கிறார்கள். ஆகவே, படையலைப் படம் எடுக்கும் முன் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது போன மாதம் இறந்த மகனுடையதாக இருக்கலாம்.

முகத்தில் மண்டையோடு வரைந்துகொள்ளலாம். மண்டையோட்டு முகத்தோடு வரும் பெண் உருவத்துக்குப் பெயர் கத்ரினா. 1910 வாக்கில் மெக்சிகோ அச்சோவியர் ஹோசே குவாதலூப்பே போசாதா பகட்டுத் தொப்பியோடு செதுக்கிய எலும்புக்கூட்டுச் சீமாட்டி. 1947இல் முடித்த சுவரோவியத்தில் மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா அவளுக்கு முழு உடலும் உடையும் கொடுத்தார். ஹாலோவீன் ரத்தக்கறை மட்டும் வேண்டாம். கையில் உங்கள் ஆளின் படமும் ஒரு மெழுகுவத்தியும் இருந்தால் போதும்.

மறுநாள்

படையல் உணவை வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடலாம். மணத்தை வந்தவர் எடுத்துக்கொண்டுவிட்டார், அதனால் சுவை குறைந்திருக்கும் என்பார்கள். இரவெல்லாம் திறந்து கிடந்த முறுக்கு எப்படியும் நமுத்துத்தான் போயிருக்கும். நான் அதைப் பற்றி வாதிடுவதில்லை.

இதழ்களைப் பெருக்கி எடுங்கள். நாலைந்து பூவை மட்டும் காம்போடு தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவையுங்கள். அடியில் ஊசி போன்ற கறுப்பு விதைகள் இருக்கும். காகித உறையில் போட்டு, மேலே அவர் பெயரை எழுதி வைத்து, ஜூலையில் தொட்டியில் விதையுங்கள்.