புக் ஷாப்ல கவிதை வாசிப்பு, எழுத்தாளர் சந்திப்பு நடத்தப் போறீங்களா? இதப் படிச்சிட்டு ஆரம்பிங்க

சின்னதா ஒரு தமிழ் புத்தகக் கடை வச்சிருக்கீங்க, இல்ல அப்படி ஒரு கடைக்கு ரெகுலரா போற ஆளு நீங்க, கடைக்காரர் "நம்ம கடையில ஏதாவது கூட்டம் போடலாம் சார், நீங்களே பாத்துக்கங்க"ன்னு தலையில கட்டிட்டார்னு வச்சுக்கங்க. பயப்பட ஒண்ணுமில்ல. சென்னையில கே.கே.நகர் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர் பனுவல் மாதிரி கடைங்கள்ல இது நடந்துக்கிட்டேதான் இருக்கு, ஒரு தடவை போய் பின்னாடி உக்காந்து பாருங்க, பாதி விஷயம் பிடிபட்டுடும். மீதிப் பாதி இங்க.

முதல்ல ஒண்ணு. ஹால் கூட்டத்த அப்படியே தூக்கிட்டு வந்து கடைக்குள்ள இறக்காதீங்க. ஹால் கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியும்ல, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலைன்னு நாலு பேரு, வாழ்த்துரைக்கு ஆறு பேரு, எல்லாருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் போட்டோ, கடைசியா ஏற்புரைன்னு எழுத்தாளர் மைக் பிடிக்கிறப்ப மணி எட்டே முக்கால், பாதி சேர் காலி. கவிதைத் தொகுப்பு வெளியீட்டுலயே ஒரு கவிதை கூட வாசிக்காம முடிஞ்ச கூட்டமெல்லாம் உண்டு, சத்தியமா. கடையில முப்பது சேர் போட்டாலே பெருசு, அந்த முப்பது பேரும் வரிகளக் கேக்க வர்றாங்க, வாழ்த்துரைய இல்ல. அதனால நிகழ்ச்சி நிரல் இவ்வளவுதான்: ரெண்டு நிமிஷம் வரவேற்பு, அரைமணி நேரம் வாசிப்பு, அரைமணி நேரம் உரையாடல், அப்புறம் டீ, கையெழுத்து. நன்றியுரைய டீ எங்க இருக்குன்னு சொல்றதோட சேத்து ஒரே வாக்கியத்துல முடிச்சிடலாம்.

தேதி. தினசரி காலண்டர்ல முகூர்த்த நாளான்னு பாத்துட்டுதான் ஞாயித்துக்கிழமைய எடுக்கணும், இல்லன்னா வர வேண்டியவங்க பூரா ஏதோ ஒரு ரிசப்ஷன் பந்தியில உக்காந்திருப்பாங்க. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் வேணவே வேணாம், சென்னை புத்தகக் காட்சிய வச்சு எல்லா பதிப்பகமும் அப்பதான் புக் இறக்குவாங்க, ஒரே நாள்ல நாலு இடத்துல வெளியீடு நடக்கும், உங்க கடைக்கு யாரு வருவா. பிப்ரவரி, மார்ச் நல்ல டைம், பொங்கலப்ப புத்தகக் காட்சியில வாங்கினத படிச்சு முடிச்சு அந்த எழுத்தாளர நேர்ல பாக்கணும்னு ஆசை இருக்கும். வெளியூர்ல இருக்கீங்கன்னா உங்க மாவட்ட புத்தகத் திருவிழா தேதியையும் ஒரு தரம் பாத்துக்கங்க. டைம் அஞ்சரைன்னு போட்டா அஞ்சரைக்கு ஆரம்பிங்க. "இன்னும் கொஞ்சம் பேரு வரட்டும்"னு ஆறரை வரைக்கும் இழுத்தா கரெக்டா வந்தவங்க அடுத்த தடவை ஆறரைக்குத்தான் வருவாங்க. எழுத்தாளர் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாலும் பரவால்ல, வாசகர் யாராவது ஒருத்தர அவருக்குப் பிடிச்ச ரெண்டு கவிதை வாசிக்கச் சொல்லி தொடங்கிடுங்க. ஏழரைக்குள்ள முடிச்சாதான் தூரத்துல இருந்து வர்ற பெண்கள் அடுத்த தடவையும் வருவாங்க, இத நிறைய பேரு யோசிக்கிறதே இல்ல.

எழுத்தாளரக் கூப்பிடறப்ப எல்லாத்தையும் முதல் போன்லயே பேசிடுங்க. வெளியூர்னா டிக்கெட் யாரு போடுறது, ரூம் இருக்கா, ராத்திரி திரும்புறாங்களா, கவர்ல எவ்வளவு வைக்க முடியும். ஒண்ணும் தர முடியாதுன்னா அதையும் நேரா சொல்லிடுங்க, "பாத்துக்கலாம் சார்"ங்கிற வார்த்தைதான் பின்னாடி சங்கடத்துல விடும். பொன்னாடைக்கு ஆகுற காசுல உங்க கடையில இருந்தே அவங்களுக்குப் பிடிச்ச புக் ஒண்ணு எடுத்துக்கச் சொல்லுங்க.

அழைப்பு ஒரு வாட்ஸாப் போஸ்டர் போதும். எழுத்தாளர் பேரு, புக் பேரு, நாள், நேரம், மேப் லிங்க், பைக் எங்க நிறுத்துறது, மாடியா தரைத்தளமான்னு போட்டுடுங்க (வயசானவங்க கேக்குற முதல் கேள்வியே படி எத்தனைங்கிறதுதான்). பேஸ்புக்ல "அவசியம் வருகிறேன் தோழர்"னு கமெண்ட் போட்டவங்கள கணக்குல சேக்காதீங்க. அன்னைக்கு காலைல தனித்தனியா அனுப்புற மெசேஜுக்குத்தான் ஆள் வரும்.

இப்ப ஸ்டாக். எழுத்தாளர் வந்துட்டாரு, ஆளுங்களும் வந்துட்டாங்க, புக் மட்டும் பார்சல் ஆபீஸ்ல தூங்குதுன்னா அத விட கொடுமை கிடையாது. ரெண்டு வாரம் முன்னாடியே பதிப்பகத்துக்கிட்ட பேசுங்க, விக்காதத திருப்பிக்கலாம்னு ஒத்துக்கிட்டா புது புக்ல முப்பது, அவரோட பழைய புக்ஸ் ஒவ்வொண்ணுலயும் அஞ்சாறு கேட்டு வாங்குங்க. பழசத் தேடி வர்றவங்கதான் ஜாஸ்தி, புதுச ஏற்கெனவே வாங்கியிருப்பாங்க. கணக்கு இப்படிப் போடுங்க: 150 ரூபாய் கவிதைத் தொகுப்பு 20 காப்பி போனா 3000 ரூபாய். கடைக்கு 35 சதவீதம் கழிவு கிடைக்குதுன்னா கையில நிக்கிறது 1050. சேர் வாடகை, டீ, எழுத்தாளருக்கு ஆட்டோ, அதோட சரி. இதுல 10 சதவீதம் தள்ளுபடி குடுத்தா 750 தான். என்னைக் கேட்டா அன்னைக்கு தள்ளுபடியே வேணாம், கையெழுத்தோட புக் கிடைக்குதே அது போதாதா. மைக்ல "வெளியே புத்தகம் இருக்கு, வாங்கிட்டுப் போங்க"ன்னு சொல்ல வெக்கப்படாதீங்க, எழுத்தாளர் சி.சு.செல்லப்பாவே புத்தகத்தத் தூக்கிக்கிட்டு காலேஜ் காலேஜா போய் வித்தவரு, நமக்கென்ன.

வாசிப்புதான் முக்கியம், இதுல கொஞ்சம் மெனக்கெடணும். பழைய கவியரங்கத்துல ஒரு அடிய ரெண்டு தரம் சொல்லுவாங்க, ரெண்டாவது தரம் கைதட்டல் விழும், அது கூட்டத்துக்குன்னே எழுதுறது. 1959-ல செல்லப்பா ஆரம்பிச்ச 'எழுத்து' பத்திரிகைல வளந்த புதுக்கவிதை வழியில வர்றது பெரும்பாலும் தனியா உக்காந்து கண்ணால படிக்கிற கவிதை, ஒரு தரம் காதுல விழுந்தா நின்னு பிடிக்க முடியாது, "ம்"னு தலையாட்டிட்டு உக்காந்திருப்போம். அதனால கவிஞர்கிட்ட முன்னாடியே சொல்லுங்க, எட்டு கவிதை போதும், சின்னதா இருந்தா முழுசா ரெண்டு தரம் வாசிங்க, ரெண்டுக்கும் நடுவுல விளக்கம் வேணாம். முதல் தரம் என்ன நடக்குதுன்னு புரியும், ரெண்டாவது தரம்தான் எங்க நிறுத்துறாங்க, எந்த வார்த்தைய மெதுவா சொல்றாங்கன்னு கேக்கும். அந்த எட்டையும் 16 பாயிண்ட்ல ஏ4 பேப்பர்ல பிரிண்ட் எடுத்து வச்சிடுங்க, புக்க விரிச்சுப் பிடிச்சுக்கிட்டே மைக்கையும் பிடிக்க ரெண்டு கை பத்தாது, போன்ல பாத்து வாசிச்சா நடுவுல கால் வரும். பெடஸ்டல் ஃபேன வாசிக்கிறவங்க பக்கம் திருப்பாதீங்க, பேப்பரும் பறக்கும், காத்து மைக்ல உஸ்ஸுன்னு விழும். மைக் வாய்க்கு நேரா இல்லாம ஒரு ஜாண் தள்ளி லேசா சைடுல இருக்கணும், இல்லன்னா "பறவை", "பூ"ன்னு வர்ற எடத்துலெல்லாம் டப்பு டப்புன்னு அடிக்கும். முப்பது பேருக்கு மைக்கே இல்லாம வாசிச்சா இன்னும் அழகு, வெளிய பஸ் ஹாரன் இல்லாத கடையா இருந்தா ட்ரை பண்ணிப் பாருங்க.

வர்றவங்களும் வாசிக்கலாம்னு வச்சீங்கன்னா வாசல்ல ஒரு பேப்பர்ல பேர் எழுதச் சொல்லுங்க, ஆளுக்கு ரெண்டு கவிதை, பத்து பேரோட லிஸ்ட்ட மூடிடுங்க. நேரம் தாண்டுறவருக்கு மணியெல்லாம் அடிக்காதீங்க, பாவம், அடுத்து வாசிக்க வேண்டியவர அவர் பக்கத்துல போய் நிக்கச் சொன்னா தானா முடிச்சிடுவாரு.

உரையாடல நடத்துறவர் புக்க முழுசா படிச்சிருக்கணும், இது ஒண்ணுதான் தகுதி. "உங்களை எழுதத் தூண்டியது எது"ன்னு ஆரம்பிக்கிறவர வேண்டாம்னுடுங்க. பக்கம் போட்டு, இந்த வரியில ஏன் இப்படின்னு கேட்டாதான் எழுத்தாளர் முழிச்சுக்குவாரு. சபைக் கேள்விய துண்டுச்சீட்டுல வாங்குங்க, ஏன்னா கேள்வின்னு எழுந்து இருபது நிமிஷம் சொற்பொழிவு ஆத்துற ஒரு ஐயா எல்லா ஊர்லயும் இருக்காரு, அவருக்கு மைக் போகாம பாத்துக்கிறதும் உங்க வேலைதான்.

எழுத்தாளரே கிடைக்கலன்னா மறைஞ்ச கவிஞர்கள வச்சு நடத்துங்க, செப்டம்பர் 11 பாரதி நினைவு நாள், ஏப்ரல் 29 பாரதிதாசன் பிறந்த நாள். பாரதி எழுத்தெல்லாம் நாட்டுடைமை, வாசிச்சு வீடியோ போட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க. மத்தபடி உயிரோட இருக்கிற கவிஞரோட கவிதைய முழுசா யூடியூப்ல ஏத்தறதுன்னா அவங்ககிட்டயோ பதிப்பகத்துக்கிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

டீ பக்கத்து கடையில சொல்லி ஃப்ளாஸ்க்ல வாங்குங்க. பஜ்ஜி, வடை மட்டும் வேணாம், எண்ணெய்க் கையோட ஷெல்ஃப்ல இருக்கிற புக்க எடுப்பாங்க, அந்த அட்டைய அப்புறம் நீங்க யாருக்கும் விக்க முடியாது. பேப்பர் கப்புல சுண்டல், ஒரு ஸ்பூன். டீய பில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் வைங்க, டீக்கு போறவங்க புக்க தாண்டித்தான் போகணும்.

கையெழுத்து லைன் நிக்கிறப்ப ஒருத்தர் துண்டுச்சீட்டும் பேனாவுமா நின்னு ஒவ்வொருத்தர் பேரையும் எழுதி புக்குக்குள்ள சொருகிக் குடுக்கணும். சரண்யாவுக்கு ரெண்டு சுழி 'ன' போட்டு எழுதிக் குடுத்துட்டா அந்த புக்க மாத்தியா குடுக்க முடியும்? எழுத்தாளருக்கும் பேரைக் கேட்டு கேட்டு தொண்டை கட்டாது, லைனும் நகரும்.

கடைசியா கணக்கு. ராத்திரியே எவ்வளவு போச்சு, எவ்வளவு மிச்சம்னு எண்ணி பதிப்பகத்துக்கு மெசேஜ் போட்டுட்டு, பணத்த அந்த வாரத்துலயே அனுப்பிடுங்க. மிச்ச காப்பில ஒரு அஞ்ச எழுத்தாளர்கிட்ட கையெழுத்து வாங்கி வச்சுக்கங்க, வர முடியலன்னு போன் பண்றவங்க கண்டிப்பா இருப்பாங்க.