செவுள் வலைக்குக் கண்ணி அளவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

செவுள் வலை நீரில் நிற்கும் மெல்லிய சுவர். மேல்கயிற்றில் மிதவைகள், அடிக்கயிற்றில் ஈயக்குண்டுகள், நடுவே எளிதில் கண்ணுக்குப் புலப்படாத நைலான் இழை. இழுவலையைப் போல அது மீனைத் துரத்துவதில்லை. மீன்தான் வந்து முட்டுகிறது. தலை நுழைகிறது, உடல் நுழைவதில்லை, பின்வாங்கினால் செவுள்மூடி இழையில் மாட்டிக்கொள்கிறது. சின்ன மீன் கண்ணியை, அதாவது வலைத்துளையை, கடந்து போய்விடும். மிகப் பெரிய மீனுக்கு மூக்குக்கு மேல் நுழையாது. இதனால்தான் இதற்கு 'தேர்ந்து பிடிக்கும் வலை' என்ற நற்பெயர். அந்தப் பெயர் பாதிதான் பொருந்தும். மறுபாதியை ஐந்தாம் படியில் பார்ப்போம். அதற்கு முன் கொஞ்சம் கணக்கு. அளவுகோல், அளவுநாடா, ஒரு தாள் போதும்.

படி 1: கண்ணியை அளங்கள்

நனைந்த வலையில் ஒரு கண்ணியை அது மூடிக்கொள்ளும் வரை நீளவாக்கில் இழுத்துப் பிடியுங்கள். எதிரெதிர் முடிச்சுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரமே கண்ணி அளவு. சிலர் ஒரு பக்க இழையின் நீளத்தை மட்டும் சொல்வார்கள். அது இதில் பாதி. வலை வாங்கும்போது எந்த அளவைச் சொல்கிறார்கள் என்று கேட்காவிட்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் இரண்டு மடங்கு பிசகும். பத்துக் கண்ணிகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்தால் துல்லியம் கூடும்.

படி 2: மீனை அளங்கள்

மீனின் நீளம் மட்டும் போதாது. செவுள்மூடியின் மேல் ஒரு சுற்றளவு, உடல் மிகப் பருத்த இடத்தில் ஒரு சுற்றளவு, இரண்டையும் எடுங்கள். கண்ணியின் உள்சுற்றளவு ஏறக்குறைய கண்ணி அளவின் இரண்டு மடங்கு. கண்ணி 60 மி.மீ. என்றால் உள்சுற்று 120 மி.மீ. தலைச்சுற்று 105, உடல்சுற்று 135 மி.மீ. உள்ள மீன் இதில் மாட்டும். உடல்சுற்றே 110 என்றால் தப்பிவிடும். தலைச்சுற்று 140 என்றால் முட்டிவிட்டுத் திரும்பும். இழை கொஞ்சம் நெகிழும், மீனின் உடலும் கொஞ்சம் அமுங்கும் என்பதால் இந்த எல்லைகள் கத்தி வெட்டியதுபோல் இருக்காது. முட்டை நிறைந்த பருவத்தில் அதே நீளமுள்ள மீன் பருத்திருக்கும். அப்போது மீண்டும் அளக்க வேண்டும்.

படி 3: சிறுமீனைக் காப்பாற்றும் கணக்கு

ரஷ்ய மீன்வள அறிஞர் பாரனோவ் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஒன்றைக் கவனித்தார். ஒரே இனத்து மீன்கள் சிறிதானாலும் பெரிதானாலும் ஏறக்குறைய ஒரே வடிவம் கொண்டவை. ஆகவே ஒரு கண்ணியில் மிக அதிகமாக மாட்டும் மீனின் நீளம் கண்ணி அளவோடு ஒரே விகிதத்தில் ஏறும், இறங்கும். அந்த உச்ச நீளத்திலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகிய மீன்கள் மிகக் குறைவாகவே மாட்டும் என்பதும் அவர் தந்த விதிதான்.

போட்டுப் பார்ப்போம். 60 மி.மீ. கண்ணியில் 240 மி.மீ. மீன் அதிகம் மாட்டுகிறது என்றால் விகிதம் 4. அப்படியானால் 75 மி.மீ. கண்ணியின் உச்சம் 300. பிடிபடும் வரம்பு 240 முதல் 360 வரை. அந்த இனம் 260 மி.மீ.யில்தான் முதன்முதலாக முட்டையிடும் என்று வைத்துக்கொள்வோம். 75 மி.மீ. கண்ணி இன்னும் குஞ்சுகளைத் தொடுகிறது. கீழ்எல்லை 260 ஆக வேண்டுமானால் உச்சம் 325 இருக்க வேண்டும். அதை 4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 81 மி.மீ. இந்த ஒரு வகுத்தலுக்காகத்தான் முதல் இரண்டு படிகளும்.

படி 4: தொங்கல் விகிதம்

முழுக்க இழுத்துப் பிடித்தால் 100 மீட்டர் வரும் வலையை 50 மீட்டர் கயிற்றில் கட்டினால் விகிதம் 0.5. கண்ணிகள் ஒடுங்கிய, உயரமான சாய்சதுரமாக நிற்கும். 0.7 என்றால் ஏறக்குறைய சதுரம். விகிதம் இறங்க இறங்க வலை தளர்ந்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும். மீன் செவுளில் மாட்டாமல் முள்ளிலும் துடுப்பிலும் பல்லிலும் சிக்கிச் சுருண்டுகொள்ளும். பிடிப்பு கூடலாம், ஆனால் முந்தைய படியில் போட்ட கணக்கு வீணாகும்.

படி 5: வேறு யார் வந்து முட்டுவார்கள்?

வலைக்கு இனம் தெரியாது, பருமன்தான் தெரியும். மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் தோத்தோவாபா என்ற மீனை அதன் காற்றுப்பைக்காகப் பெருங்கண்ணி வலையில் பிடித்தார்கள். வளர்ந்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரும் மீன் அது. அதே நீரில், உலகில் வேறெங்கும் இல்லாத வாக்கிட்டா என்ற ஒன்றரை மீட்டர் கடற்பன்றியும் வாழ்கிறது. மீனுக்குச் சரியாகப் பொருந்திய கண்ணி அதற்கும் பொருந்திவிட்டது. 1997இல் ஏறக்குறைய 600 இருந்தவை இன்று பத்துக்கு அருகில் நிற்கின்றன. 2017இல் அங்கே செவுள் வலைக்கு நிரந்தரத் தடை வந்தும் திருட்டு வலை ஓயவில்லை.

கடற்பன்றி, ஓங்கில் (டால்பின்), ஆமை, மூழ்கி இரைதேடும் பறவை எல்லாம் நுரையீரலால் மூச்சு விடுபவை. சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சு முட்டும். செவுள் வலையில் ஆண்டுக்குக் குறைந்தது 4,00,000 கடற்பறவைகள் சாகின்றன என்று 2013இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கண்ணி அளவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. நீளமும் இடமும்தான் தீர்மானிக்கின்றன. நீரோட்டத்தோடு மிதந்துபோகும், 2.5 கி.மீ.க்கு மேல் நீளும் மிதப்பு வலைகளை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடலிலிருந்து 1992 இறுதிக்குள் விலக்க ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது இதனால்தான்.

படி 6: வலை விடும் முறை

ஆமை முட்டையிடும் கரையோரத்தையும் பறவைகள் கூடும் திட்டுகளையும் தவிர்ப்பது முதல் வேலை. கருவிகள் அதற்குப் பிறகுதான். வலை ஊறும் நேரத்தைக் குறையுங்கள். சீக்கிரம் தூக்கினால் தவறிச் சிக்கியதை உயிரோடு விடலாம், பிடித்த மீனும் நைந்துபோகாது.

வலையில் கட்டும் ஒலிக்கருவிகள் கடற்பன்றிகளிடம் நன்றாக வேலை செய்கின்றன. அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் 1994இல் நடந்த சோதனையில் ஒலி எழுப்பிய வலைகளில் அவை சிக்குவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் கடல்நாய்கள் அதே ஒலியை இரை இருக்கும் இடத்தின் அடையாளமாகக் கற்றுக்கொள்ளக்கூடும். வலையில் பச்சை எல்.இ.டி. விளக்கு கட்டுவது இன்னும் எளிது. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வில் சுறா, திருக்கை வகைகள் சிக்கிய எடை 95 சதவீதம் குறைந்தது. தேடிப்போன மீன் குறையவில்லை.

படி 7: தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

பருத்தி வலை தொலைந்தால் மட்கும். நைலான் மட்காது, ஆளில்லாமலே பிடித்துக்கொண்டிருக்கும். சிக்கிய மீனைத் தின்ன நண்டு வரும், அதுவும் சிக்கும். இரண்டு முனைகளிலும் கொடியும் மிதவையும், அவற்றில் படகின் அடையாளமும் இருக்கட்டும். இழுவலைப் படகுகள் ஓடும் தடத்திலும், அடியில் பாறையோ சிதைந்த கப்பலோ உள்ள இடத்திலும் விடாதீர்கள். விட்ட இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் பதியுங்கள். கிழிந்த துண்டைக் கடலில் எறிவது, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்புப்படி குற்றம். அது கரைக்கே வரட்டும். வலை அறுந்து போனால் பதிந்த இடத்தில் கொக்கி போட்டு அன்றே தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த இடக்குறியீட்டை மீன்வளத் துறைக்கும் பக்கத்துப் படகுகளுக்கும் சொல்லிவிடுங்கள்.