மண்ணில் கிடைத்த குண்டு பீரங்கியுடையதா? எடையும் விட்டமும் சொல்லும்

கடலூர், புதுச்சேரி மண்ணில் பீரங்கிக் குண்டு கிடைப்பதில் வியப்பில்லை. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை இருந்த ஊர்களும் சேர்ந்தே கைமாறின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். பிறகு புதுச்சேரியை 1748, 1760-61, 1778, 1793 என நான்கு முறை முற்றுகையிட்டார்கள். 1783-இல் கடலூரிலும் சண்டை நடந்தது. ஆனால் கிடைக்கிற உருண்டை எல்லாம் பீரங்கிக் குண்டு இல்லை.

மெட்டல் டிடெக்டரில் இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை அணைத்துவிட்டுத் தேடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் குண்டைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அரிக்கமேடு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் கருவியை எடுக்கவே கூடாது. மற்ற இடங்களில் நிலத்துக்காரரின் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உருண்டை தெரிந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணை விலக்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது திரி ஓட்டை. கெட்டிக் குண்டில் ஓட்டை இருக்காது. மருந்து அடைத்த குண்டில் ஓரிடத்தில் வட்டமான துளையோ, அதை அடைத்த மரக்கட்டையோ துரு மூடிக் கிடக்கும். 200 வருடம் ஆனாலும் கருமருந்து காய்ந்தால் தீப்பிடிக்கும். துளை இருக்கிறதா என்று சந்தேகம் வந்தாலே தட்டாதீர்கள், துளைபோடாதீர்கள், சூடுபடுத்தாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு 112-க்குச் சொல்லுங்கள். நீளமாக, முனை கூர்ந்து, செப்பு வளையத்தோடு இருந்தால் அது பிற்காலத்து வெடிகுண்டு. அதைத் தொடவே வேண்டாம்.

ஓட்டை இல்லையென்றால் அளக்கலாம். ஒட்டிய மணலையும் உதிரும் துருவையும் மட்டும் மென்மையான பிரஷ்ஷால் நீக்குங்கள். விட்டத்தைக் கேலிப்பரால் மூன்று திசையில் எடுத்துச் சராசரி பாருங்கள். கேலிப்பர் இல்லையென்றால் தையல் டேப்பால் சுற்றளவு எடுத்து 3.14-ஆல் வகுங்கள். விட்டத்தை சென்டிமீட்டரில் எடுத்து, விட்டம் × விட்டம் × விட்டம் என்று பெருக்கி, அதை 3.8-ஆல் பெருக்கினால் கெட்டி வார்ப்பிரும்புக்கு வர வேண்டிய எடை கிராமில் கிடைக்கும். விட்டம் 11.2 செ.மீ. என்றால் சுமார் 5,340 கிராம். தராசு 5.2 கிலோ காட்டினால் கெட்டிக் குண்டு. 3.7 கிலோதான் என்றால் உள்ளே கூடு, அதாவது வெற்றிடம், இருக்கலாம். மேலே சொன்ன எச்சரிக்கைக்குத் திரும்புங்கள்.

ஆங்கிலக் குண்டுகளின் அளவு: 6 பவுண்டு 89 மி.மீ., 2.72 கிலோ, 9 பவுண்டு 102 மி.மீ., 4.08 கிலோ, 12 பவுண்டு 112 மி.மீ., 5.44 கிலோ, 24 பவுண்டு 141 மி.மீ., 10.9 கிலோ. பிரெஞ்சுக்காரர்களின் எடை அலகான லிவ்ர் 489.5 கிராம், அதாவது பவுண்டைவிடக் கனம். அதனால் பிரெஞ்சு 12 லிவ்ர் குண்டு 5.87 கிலோ, விட்டமும் ஆங்கில 12-ஐவிடச் சற்றுப் பெரியது. சிக்கல் பிரெஞ்சு 8-இல்தான்: 3.92 கிலோ, விட்டமும் ஆங்கில 9-ஐ ஒட்டியே வரும். துரு தின்ற குண்டில் இந்த இரண்டையும் பிரிப்பது கஷ்டம். "8 அல்லது 9" என்று எழுதிவைப்பதே நேர்மை. மேலும், எந்த அளவுமுறையில் வார்த்தது என்பது யார் சுட்டார்கள் என்பதைச் சொல்லாது. 1758-இல் தேவனாம்பட்டினம் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது; பிடிபட்ட பீரங்கியையும் குண்டையும் அடுத்தவர் பயன்படுத்தினார்கள்.

அதிகம் ஏமாற்றுவது ஷாட்புட் குண்டு. பெண்களுக்கான 4 கிலோ குண்டின் விட்டம் 95 முதல் 110 மி.மீ.; 9 பவுண்டு குண்டோடு அப்படியே பொருந்தும். கடைந்து வழுவழுப்பாக்கிய மேற்பரப்பு, பெயின்ட், எடை முத்திரை இவற்றைத் தேடுங்கள். ஆலைகளில் அரைக்கும் எஃகு உருண்டைகளும் உண்டு: அவற்றுக்கு 3.8-க்குப் பதில் 4.1 வரும். பழைய வார்ப்புக் குண்டில் நடுவில் அச்சு சேர்ந்த கோடும், ஓரிடத்தில் உருக்கிய இரும்பை ஊற்றிய வாயை வெட்டிய தழும்பும் பெரும்பாலும் தெரியும். சாய்வெளிச்சத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடலோரத்தில் கிடைத்தது என்றால் ஒரு தொல்லை. உப்புநீர் இரும்பைக் கரைத்துவிட்டு கிராஃபைட்டை மட்டும் விட்டுவைக்கும். உருவம் அப்படியே இருக்கும், எடை குறைந்திருக்கும், நகம் பட்டால் கறுப்பாக ஒட்டும். இது கூடு உள்ள குண்டு என்று தவறாக நினைக்க வைக்கும். ஆனால் ஓட்டை இல்லை என்று உறுதியாகும்வரை வெடிகுண்டாகவே நடத்துங்கள்.

எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் அளவு, ஆழம், ஸ்கேல் வைத்த படம் மூன்றையும் அங்கேயே பதிவு செய்யுங்கள். நூறு ஆண்டு தாண்டியது தொல்பொருள். மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும், உரிமமின்றி விற்கக் கூடாது.

அதுவரை காய விடாதீர்கள். உப்பு ஏறிய இரும்பு காய்ந்தால் விரிசல்விட்டு ஓடு ஓடாக உரிந்துவிடும். பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு 50 கிராம் சலவை சோடா கரைத்து முழுதாக மூழ்க வையுங்கள். ஆசிட் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம். அச்சுக் கோடும் தழும்பும் முதலில் போய்விடும்.