நெடுந்தொலைவு வேட்டைக்குத் தோட்டா தேர்வு: பினாங்கிலிருந்து புறப்படும் புதியவருக்கு

பட்டர்வொர்த்துக்கு அப்பால் ரப்பர்த் தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்டிய என் மாமாவிடம் இருந்தது ஓர் ஒற்றைக்குழல் ஷாட்கன். நாற்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் பன்றியை நோக்கி அவர் சுட்டதே இல்லை. அவரிடம் வேட்டைக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நியூசிலாந்தின் தென்தீவுக்கு மலையாடு வேட்டைக்குப் புறப்படும்போது, முதலில் கேட்பது தோட்டாவின் பெயரைத்தான். அதைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதற்படி, சட்டம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டாவை வைத்திருப்பதும் குற்றம். வேட்டைக்கோ 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலிதானின் உரிமம் தனியே தேவை. ஆகவே நான் கூறுவது, வெளிநாட்டில் அந்நாட்டு அனுமதியோடு வேட்டையாடச் செல்பவருக்கு மட்டுமே பொருந்தும். அங்கும் விதி உண்டு: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, கடமான் வேட்டைக்குக் குறைந்தது .270 அங்குல விட்டமும் 130 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு; சுமார் 8.4 கிராம்) எடையும் உள்ள குண்டு வேண்டும் என்றிருந்ததால், புகழ்பெற்ற 6.5 கிரீட்மோர் தோட்டா (அதன் குண்டின் விட்டம் .264 அங்குலம்) நூலிழையில் தகுதி இழந்தது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி, உங்கள் தூரத்தை அளப்பது. உணவுக்கடைகளில் தரும் சிறிய காகிதத் தட்டு ஒன்றை, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலமுள்ளதை, இலக்காக நிறுத்துங்கள். மேசையில் சாய்ந்து சுடாமல், முதுகுப்பையின் மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்துச் சுடுங்கள். ஐந்து குண்டும் தட்டுக்குள் விழும் மிகத் தொலைவான இடமே உங்கள் எல்லை. புதியவர் பலருக்கு அது 200 மீட்டரிலேயே நின்றுவிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாம் படியில்தான் கணக்கு தொடங்குகிறது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் குழல்வாயில் உள்ள வேகம். விலங்குக்கு அதனால் பயனில்லை. வேட்டைக் குண்டு உடலுக்குள் விரிந்தால்தான் விலங்கு துன்பப்படாமல் விரைவில் விழும், விரிவதற்கோ குறைந்தபட்ச வேகம் தேவை. குண்டுக்குக் குண்டு இது மாறும் என்றாலும், வினாடிக்கு 550 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது. 6.5 கிரீட்மோரின் 143 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 9.3 கிராம், வினாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, 400 மீட்டரில் ஏறத்தாழ 640 ஆகக் குறைந்திருக்கும். 200 மீட்டரில் குண்டு குறியில் படும்படி சரிசெய்திருந்தால், 400 மீட்டரில் அது சுமார் 70 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். இப்போது .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வலிமை மிகுந்த தோட்டாவின் 200 கிரெயின் குண்டை அருகில் வைத்துப் பாருங்கள்: 870இல் புறப்பட்டு 680இல் சேர்கிறது, தாழ்வு சுமார் 60 சென்டிமீட்டர். ஆற்றலில் மேக்னம் ஒன்றரை மடங்கு முன்னே நிற்கிறது என்பது உண்மைதான். தாழ்வில் கிடைக்கும் ஆதாயமோ சுமார் 10 சென்டிமீட்டர்தான்.

நான்காவது காற்று. தாழ்வை தூரமானியும் அட்டவணையும் சொல்லிவிடும். காற்றை உங்கள் கண்தான் படிக்க வேண்டும். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று அடித்தால், மேற்கண்ட இரு குண்டுகளுமே 400 மீட்டரில் கால் மீட்டர் அளவு விலகும். பழைய, நம்பகமான .308 வின்செஸ்டரின் 178 கிரெயின் குண்டு 30 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். ஒல்லியான நீண்ட குண்டு காற்றைக் கிழித்துச் செல்லும் என்பதே காரணம், பெட்டியில் 'பி.சி.' என்ற பெயரில் உள்ள எண், அதாவது காற்றைக் கிழிக்கும் திறனின் அளவு, பெரிதாக இருந்தால் விலகல் குறையும். ஆனால் நீண்ட குண்டு நிலையாகச் சுழல, குழலின் உட்புரியும் (உள்ளே திருகுபோல் ஓடும் பள்ளங்கள்) இறுக்கமாக இருக்க வேண்டும், 6.5க்கு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வழக்கம்.

ஐந்தாவது தோள். முதல் பயணத்தில் நான் வாடகைக்கு எடுத்தது மேக்னம். நான்காவது தோட்டாவை வழிகாட்டி எனக்குத் தெரியாமல் போலித் தோட்டாவாக மாற்றி வைத்திருந்தார். விசையை அழுத்தினேன், வெடிக்கவில்லை. வெடிக்காத துப்பாக்கியின் வாய் தானே ஒரு சாண் கீழே குத்தியது. கண்களையும் இறுக மூடியிருந்தேன். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் மேக்னத்தின் உதை 6.5ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு. என் உடல் அதற்கு முன்கூட்டியே பயந்திருக்கிறது. அன்று மாலையே துப்பாக்கியை மாற்றிக்கொண்டேன்.

ஆகவே 1904இல் நியூசிலாந்தில் விடப்பட்ட இமயமலை ஆடுகளின் வழித்தோன்றல்களைத் தேடிச் செல்லும் புதியவருக்கு 6.5 கிரீட்மோரையோ .308ஐயோதான் பரிந்துரைப்பேன். (நம் நீலகிரி வரையாட்டையும் இந்த ஆட்டையும் ஆங்கிலத்தில் 'தார்' என்றே அழைப்பார்கள்; உறவு பெயரளவில்தான்.) இரண்டில் எது செல்லும் ஊர்க் கடையில் தாராளமாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். ஒரே வகைத் தோட்டாவில் மூன்று பெட்டி வாங்கி, அவற்றிலேயே குறி சரிசெய்து, அவற்றோடே மலை ஏறுங்கள்; இடையில் வேறு எடைக்கு மாறினால் குறி மாறிவிடும்.

திரும்பும் நாளில் மேற்சட்டைப் பைகளையும் முதுகுப்பையின் அடி மடிப்புகளையும் விடுதியிலேயே கவிழ்த்து உதறுங்கள். நினைவுக்காக ஒரு வெற்றுக்கூட்டைக்கூட பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம்வரை கொண்டுவர வேண்டாம்.