சிக்னல் இல்லாத மலைப்பாதையில் சைக்கிள் வரைபடம்: என் அனுபவம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போனதும் போன் திரை வெறும் கட்டமாகிவிட்டது. ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. வரைபடப் படங்கள்தான் இணையத்திலிருந்து வருகின்றன.

ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலி இதைத் தீர்த்தது. இலவசம், விளம்பரமில்லை, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் தரவு. வைஃபையில் அந்தப் பகுதியை இறக்கி, பயண வகையில் சைக்கிளைத் தேர்ந்தால் வழியோடு ஏற்ற இறக்கமும் தெரியும். லேயர் பொத்தானில் சம உயரக் கோடுகளையும் போடுங்கள்; செங்குத்தான இடம் எதுவென்று முன்பே புரியும்.

கிளம்புமுன் டேட்டாவை அணைத்து வழி தேடிப் பாருங்கள், இதை மட்டும் விடாதீர்கள். பக்கத்துப் பகுதியின் வரைபடக் கோப்பு விடுபட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மண்பாதையா தார்ச்சாலையா என்ற விவரம் பல கிராமச் சாலைகளுக்குப் பதிவாகவில்லை. மெல்லிய டயர்காரர்கள் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.