பெர்ஃபாமன்ஸ் ஏர் ஃபில்டர் வாங்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

சென்னை ஜிபி ரோடு பக்கம் ஆக்சசரீஸ் கடைக்குப் போனா பெர்ஃபாமன்ஸ் ஃபில்டர்னு, கழுவித் திரும்பத் திரும்பப் போடுற அந்த சிவப்பு காட்டன் ஃபில்டரை எடுத்து வச்சு "போடுங்க சார், பிக்கப்பும் ஏறும் மைலேஜும் ஏறும்"னு சொல்லுவாங்க. ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி ஆபீஸுக்குப் போயிட்டு வர்ற வண்டிக்கு இது தேவையான்னா, என்னைக் கேட்டா தேவையில்ல.

மைலேஜ் ஏறும்னு நம்பி வாங்குறதுதான் முதல் தப்பு. பெட்ரோல் வண்டில நீங்க ஆக்சிலேட்டர் மிதிக்கிற அளவுக்குத்தான் இஞ்சினுக்குள்ள காத்தை விடுற த்ராட்டில் வால்வு திறக்கும், சிட்டி டிராஃபிக்ல அது பெரும்பாலும் கொஞ்சூண்டுதான் திறந்திருக்கும், அதாவது காத்தை மறிச்சுக்கிட்டு நிக்கிறதே அந்த வால்வுதான், அப்புறம் அதுக்கு முன்னாடி இருக்கிற ஃபில்டரை எவ்ளோ ஃப்ரீயா வச்சு என்ன ஆகப் போகுது? உள்ள வர்ற காத்தை அளந்துதான் ஈசியு, அதாவது இஞ்சினைக் கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர், பெட்ரோல் விடுது, காத்து கூடுனா பெட்ரோலும் கூடத்தான் போகும். அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் லேப்ல 2009ல டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்ல அடைச்சுப்போன ஃபில்டரே மைலேஜைப் பெருசா குறைக்கல, பிக்கப்தான் அடி வாங்குச்சு. அடைச்ச ஃபில்டருக்கே இந்தக் கதைன்னா நல்லா இருக்கிற பேப்பர் ஃபில்டரைக் கழட்டிட்டு காட்டன் போட்டு என்ன மிச்சம் பிடிக்கப் போறோம்.

ஃபுல் த்ராட்டில்ல ஹை ஆர்பிஎம்ல லேசா பவர் ஏறலாம், இல்லன்னு சொல்லல. ஆனா நிறைய பேர் "செம பிக்கப்"னு சொல்றது இஞ்சின் காத்தை இழுக்கிற சத்தம் கூடுனதைத்தான்.

அடுத்தது தூசி. காத்து ஈசியா போகணும்னா பொதுவா துவாரம் பெருசா இருக்கணும், அப்போ பொடித் தூசியும் கூடவே போக வாய்ப்பு இருக்கு. கல் குவாரி ரோடு, கட்டட வேலை நடக்கிற ஏரியா, செம்மண் பாதைன்னு ஓட்டுறவங்க இதை யோசிக்கணும், மண்ணுல இருக்கிற சிலிக்கா பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரோட உள்சுவரையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், அது இன்னைக்குத் தெரியாது, இஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்போதுதான் தெரியும்.

காட்டன் ஃபில்டர் தூசியைப் பிடிக்கிறதே அதுல இருக்கிற ஆயிலாலதான். கழுவிட்டு முழுசா காயாம மாட்டுறது, ஆயிலே போடாம மாட்டுறது, இல்ல கை நிறைய ஊத்துறது, மூணுமே தப்பு. உள்ள வர்ற காத்தை அளக்கிற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிற வண்டில ஜாஸ்தியான ஆயில் அந்த சென்சார்ல போய் ஒட்டலாம், காத்தோட கணக்கு தப்பாகி செக் இஞ்சின் லைட் எரியலாம். ஒரு தடவை வாங்குனா போதும்னு சொல்றவங்க அந்த க்ளீனிங் கிட் விலையை மட்டும் சொல்ல மாட்டாங்க.

ஏர் பாக்ஸையே கழட்டிட்டு மூடி இல்லாம மாட்டுற ஓப்பன் கோன் ஃபில்டர் பத்தி எனக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. கம்பெனி ஏர் பாக்ஸ் முன்பக்கத்துல இருந்து குளுந்த காத்தை இழுக்கிற மாதிரி டிசைன் பண்ணிருப்பாங்க, கோன் அப்படியே பானட்டுக்குள்ள இருக்கிற சூட்டுக் காத்தை இழுக்கும், சூடான காத்துல ஆக்சிஜன் கம்மி, காசும் குடுத்து பவரையும் விட்டுட்டு வர்ற கதை. கோல்ட் ஏர் இன்டேக்னு பைப்பைக் கீழ இறக்கி வச்சிருந்தா வேளச்சேரி பக்கம் மழைத்தண்ணில இறங்கவே கூடாது, தண்ணி சிலிண்டருக்குள்ள ஏறுச்சுன்னா பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ராடே வளைஞ்சிரலாம். கார்பரேட்டர் பைக்ல கார்பரேட்டர் வாயிலயே நேரா மாட்டுற பாட் ஃபில்டரைப் போட்டுட்டு, பெட்ரோல் அளவை முடிவு பண்ற ஜெட்டை மாத்தாம விட்டா மிக்சர் லீன் ஆகி, அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம, இஞ்சின் ஓவரா சூடாகும்.

இதெல்லாம் விட அதிகமா பாக்குற தப்பு, பேப்பர் ஃபில்டரையே வருஷக்கணக்கா மாத்தாம பங்க்ச்சர் கடையில கம்ப்ரஸர் ஏர் அடிச்சு அடிச்சு ஓட்டுறது. பேப்பர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஆயில் தடவுன விஸ்கஸ் டைப் ஃபில்டர் வர்ற ஸ்கூட்டர்ல ஏர் அடிக்கவே கூடாது, மாத்தத்தான் வேணும்.

ஏற்கனவே காட்டன் மாட்டிட்டீங்களா, பரவால்ல, அடுத்த சர்வீஸ்ல ஃபில்டருக்கு அப்புறம் வர்ற பைப்புக்குள்ள வெள்ளைத் துணியை விட்டுத் துடைச்சுப் பாருங்க. துணில மண்ணு வந்துச்சுன்னா ஃபில்டர் சரியா உக்காராம இருக்கலாம், ஆயில் பத்தாம இருக்கலாம், இல்ல அது டூப்ளிகேட்டா இருக்கலாம், எதுவா இருந்தாலும் தூசி உள்ள போகுதுன்னு அர்த்தம், அன்னைக்கே கழட்டிட்டு பழைய பேப்பர் டைப்பையே புதுசா வாங்கிப் போட்டுருங்க.