ஆலங்கட்டி மழைக்கு மறுநாள் காலிங்பெல் அடித்தால்

டெக்சஸில் டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று முதல் வீடு வாங்கியிருக்கிறீர்களா? வசந்த காலம் வந்தாலே இங்கே ஆலங்கட்டி மழைதான். இரவு பெய்தால் மறுநாள் காலையிலேயே கையில் டேப்லட்டோடு ரூஃபிங்காரர் வாசலில் நிற்பார். கூரை போச்சு, இன்சூரன்ஸே புதிதாகப் போட்டுத் தரும், உங்களுக்குக் காலணா செலவில்லை என்பார்.

கதவைத் தட்டுபவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் இல்லை. என் கூரையை மாற்றியவரும் அப்படி வந்தவர்தான். ஆனால் அவருக்கு முன்னால் வந்தவர், "மேலே ஏறிப் பார்க்க அனுமதிதான் சார்" என்கிற தோரணையில் டேப்லட்டில் கையெழுத்து வாங்கிப் போனார். சாயங்காலம் மெயிலில் வந்ததைப் படித்தால், கிளெய்ம் கிடைத்தால் வேலையை அவர்களுக்கே தர வேண்டும் என்று இருந்தது. வீடு தேடி வந்து போடும் ஒப்பந்தத்தைப் பொதுவாக மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். மறுநாளே எழுதி அனுப்பித் தப்பித்தேன்.

ஆளை எடைபோட நான் கவனிப்பது டிடக்டிபிள், அதாவது கிளெய்மில் நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, பற்றிய பேச்சைத்தான். காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் இங்கே பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம். 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர் நம் கையிலிருந்து போகும். "அதை நாங்க பார்த்துக்கறோம்" என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பேரம் பேசியே வளர்ந்த நமக்கு அது தள்ளுபடி மாதிரி இனிக்கும். டெக்சஸில் 2019 செப்டம்பர் முதல் ரூஃபிங்காரர் டிடக்டிபிளை இப்படி விட்டுக்கொடுப்பது சட்டவிரோதம். நீங்கள் டிடக்டிபிள் கட்டியதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஆதாரமும் கேட்கலாம்.

"இன்சூரன்ஸோட நாங்களே பேசி முடிச்சுத் தர்றோம்" என்பதும் அப்படித்தான். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் வரும்போது ரூஃபிங்காரர் அவரோடு ஏறி அடிபட்ட இடத்தைக் காட்டலாம், தன் எஸ்டிமேட்டை விளக்கலாம். அதே கூரையை மாற்றப்போகிறவர் உங்கள் சார்பில் கிளெய்ம் பேரம் பேச இங்கே சட்டம் இடம் தரவில்லை.

லைசென்ஸ் இருக்கிறது என்று கார்டு நீட்டினால் மயங்க வேண்டாம். ரூஃபிங்குக்கு டெக்சஸில் மாநில லைசென்ஸே கிடையாது. உள்ளூரில் ஆபீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அவருடைய லயபிலிட்டி இன்சூரன்ஸ் (வேலையில் அவரால் வரும் சேதத்துக்கான காப்பீடு) சான்றிதழை அவரிடம் வாங்காமல், அவருடைய இன்சூரன்ஸ் ஏஜெண்டே உங்களுக்கு நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள்.

கிளெய்ம் போடும் முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை. ஏசி யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகள் நசுங்கியிருக்கின்றனவா, மழைநீர்க் குழாயில் குழி விழுந்திருக்கிறதா? படம் எடுத்து வையுங்கள். சேதம் டிடக்டிபிளைத் தாண்டாது என்று தோன்றினால் கிளெய்மே வேண்டாம், கிளெய்ம் போட்ட பதிவு ஏழு வருடம் வரை கூடவே வரும்.

பணம் பெரும்பாலும் இரண்டு தவணையில் வரும். முதல் செக்கில் தேய்மானத்தைக் கழித்திருப்பார்கள், வேலை முடிந்து பில் அனுப்பினால் மீதி. பழைய கூரைக்குச் சில பாலிசிகள் அந்த மீதியைத் தருவதே இல்லை; முதலில் பாலிசியைப் படியுங்கள். செக்கில் வீட்டுக்கடன் பாங்கின் பெயரும் இருக்கும், அவர்கள் கையெழுத்துக்கு நாளாகும். அதனால் முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்பவர் வேண்டாம்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் டிரைவ்வேயிலும் புல்லிலும் காந்த உருளையை உருட்டி ஆணி பொறுக்கச் சொல்லுங்கள். நான் சொல்ல மறந்தேன். ஒரு டயர் போனது.